சிரிக்கும் எழுத்தும் அதன் இடமும்

எழுத்துக்கு ஓசை உண்டு என்பதை இலக்கணம் படித்த எவரும் அறிவர். அச்சிட்ட எழுத்துக்குக் குரலும் உண்டு என்பதை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. ஒரே வாக்கியத்தை நீதிமன்ற ஆணையில் கண்டால் நம் உள்ளம் ஒரு குரலில் படிக்கிறது. அதையே குழந்தைகளின் படப் புத்தகத்தில் கண்டால் வேறொரு குரலில் படிக்கிறது. சொல் மாறவில்லை. சொல்லை ஏந்தி வந்த எழுத்தின் சாயல் மாறியிருக்கிறது. கவிதையையும் உரைநடையையும் எடைபோட்டுப் பழகிய நாம், அவை உடுத்தி வரும் ஆடையைப் பற்றியும் ஒருமுறை பேசிப் பார்ப்பது தவறாகாது எனக் கருதுகிறோம்.

இவ்வெண்ணம் நம்முள் எழக் காரணமாயிருந்த நிகழ்ச்சி ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன்னர் நம் உறவினர் குடும்பத்தில் பெரியவர் ஒருவர் காலமானார். வெளிநாடுகளில் இருந்த அவருடைய நண்பர்களுக்கு அனுப்புவதற்காக ஆங்கிலத்தில் ஓர் இரங்கல் அறிவிப்பு எழுதப்பட்டது. வாசகத்தைத் திருத்தித் தரும் பொறுப்பு நம்மிடம் வந்தது. ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பார்த்தோம். ஓர் அடைமொழி மிகையெனத் தோன்றியதால் அடித்தோம். அவருடைய பெயருக்கு முன் 'மர்ஹூம்' என்பது சரியாக இடம்பெற்றிருக்கிறதா என்று இருமுறை பார்த்தோம். அச்சாகி வந்த தாளைக் கையில் வாங்கிய அவருடைய மகள் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "பிறந்த நாள் அழைப்பு மாதிரி இருக்கிறதே, மாமா" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அப்போதுதான் நாமும் பார்த்தோம். சொற்களில் பிழை ஏதுமில்லை. ஆனால் எழுத்துகள் உருண்டு திரண்டு, ஒன்றையொன்று தோளால் இடித்துக்கொண்டு, தாள் முழுவதும் சிரித்துக்கொண்டிருந்தன. தட்டச்சு செய்த இளைஞர், கணிப்பொறியில் இருந்தவற்றுள் தமக்கு அழகாகப் பட்டதைத் தேர்ந்திருக்கிறார். அவரைக் குறை கூறுவதற்கில்லை. பிழை திருத்த அமர்ந்த நாமே எழுத்தைப் பார்க்கவில்லை. மீண்டும் அச்சிட நேரமில்லாமையால் அவ்வாறே அனுப்பினோம். அந்தக் குறை இன்றும் நம் நெஞ்சில் இருக்கிறது.

அவ்வெழுத்தின் பெயர் 'காமிக் சான்ஸ்' என்பது. கையால் எழுதினாற்போன்ற, இறுக்கம் தளர்ந்த ஆங்கில எழுத்துரு அது. உலகெங்கும் பள்ளிச் சுவர்களிலும், கடைக் கதவுகளிலும், அலுவலக அறிவிப்புகளிலும் காணக் கிடைப்பது. கற்றறிந்த வடிவமைப்பாளர்களால் அதைப்போல் எள்ளி நகையாடப்பட்ட எழுத்து அரிது. இத்தனை அன்பும் இத்தனை வெறுப்பும் ஒரே எழுத்துக்கு எப்படி வாய்த்தன? அந்த எழுத்து தீயதா, அதை வைத்த இடம் தீயதா? இதுவே நம் கேள்வி.

நாயின் பேச்சுக்காகப் பிறந்த எழுத்து

1994-ஆம் ஆண்டு. அமெரிக்காவில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம், கணிப்பொறி என்றாலே அஞ்சி ஒதுங்குவோருக்காக 'பாப்' என்னும் மென்பொருளை ஆக்கிக்கொண்டிருந்தது. திரையைத் திறந்தால் ஒரு வீட்டின் அறை தெரியும். கடிதம் எழுதவும் கணக்குப் பார்க்கவும் அவ்வறையிலுள்ள பொருள்களைத் தொட்டால் போதும். வழிகாட்டியாக 'ரோவர்' என்றொரு மஞ்சள் நாய். அது சொல்வதெல்லாம், சித்திரக்கதைகளில் வருவதுபோல், ஒரு பேச்சுக் குமிழுக்குள் தோன்றும்.

அந்நிறுவனத்தின் எழுத்துருப் பிரிவில் பணியாற்றிய வின்சென்ட் கானேர் என்பவர் இந்த மென்பொருளைப் பார்வையிட நேர்ந்தது. நாயின் பேச்சு 'டைம்ஸ் நியூ ரோமன்' எழுத்தில் இருக்கக் கண்டார். அவ்வெழுத்து 1932-இல் லண்டன் 'தி டைம்ஸ்' நாளிதழின் பயன்பாட்டுக்கு வந்தது. ஆட்சி மாற்றங்களையும் பங்குச் சந்தை நிலவரங்களையும் சொல்லிப் பழகியது. கேலிச்சித்திர நாய் ஒன்று நாளிதழ்த் தலையங்கத்தின் குரலில் பேசுவது அவருக்குப் பொருந்தாததாகப் பட்டது.

அவர் துணைக்கு எடுத்துக்கொண்டவை இரு சித்திரக்கதை நூல்கள். ஒன்று, 1986-இல் வெளிவந்த 'தி டார்க் நைட் ரிட்டர்ன்ஸ்'. மற்றொன்று, 1986-இலும் 1987-இலும் பகுதி பகுதியாக வெளிவந்த 'வாட்ச்மென்'. முதலாவதில் எழுத்துகளை எழுதியவர் ஜான் கோஸ்டான்சா. இரண்டாவதில் படங்களை வரைந்த டேவ் கிப்பன்சே எழுத்துகளையும் எழுதினார். சித்திரக்கதை உலகில் படம் வரைவது போலவே எழுத்து எழுதுவதும் ஒரு தனித் தொழில் என்பதை ஈண்டு நினைவிற் கொள்ள வேண்டும். கானேர் அவ்வெழுத்துகளைப் படியெடுக்கவில்லை. அவற்றைப் பார்த்து, மனத்தில் வாங்கி, கணிப்பொறித் திரையில் மவுஸைக் கொண்டு மீண்டும் மீண்டும் வரைந்து பார்த்தார். சித்திரக்கதைகளில் பேச்சு பெரும்பாலும் பெரிய எழுத்துகளிலேயே அமையும். அவர் சிறிய எழுத்துகளையும் சேர்த்து ஆக்கினார்.

சுவையான செய்தி என்னவெனில், எந்த நாய்க்காக இவ்வெழுத்து பிறந்ததோ அந்த நாய் இவ்வெழுத்தில் பேசவேயில்லை. 'பாப்' மென்பொருளின் குமிழ்கள் அனைத்தும் பழைய எழுத்தின் அளவுக்கு முன்னரே அளந்து வைக்கப்பட்டிருந்தன. புதிய எழுத்து அவற்றுள் அடங்கவில்லை. 1995-இல் வெளிவந்த 'பாப்' வரவேற்பின்றி மறுஆண்டே கைவிடப்பட்டது. எழுத்து மட்டும் பிழைத்தது. சிறுவர்கள் அசைபடம் உருவாக்குவதற்கான ஒரு மென்பொருளில் முதலில் இடம்பெற்றது; விண்டோஸ் 95-க்கான கூடுதல் தொகுப்பில் சேர்ந்தது; பின்னர் விண்டோஸிலேயே குடியேறியது. வீட்டுக்கு வீடு கணிப்பொறி வந்தபோது இதுவும் உடன் வந்தது. விலை கொடுத்து வாங்கியவர் எவருமில்லை. தேடிச் சென்றவரும் இல்லை. பட்டியலைத் திறந்தால் அங்கே இருந்தது.

திறனாய்வாளன் இப்பிறப்பு வரலாற்றை மறக்கலாகாது. சில சொற்களே கொண்ட பேச்சு, விளையாட்டான சூழல், கணிப்பொறித் திரை ஆகிய மூன்றுக்குமாகவே இவ்வெழுத்து ஆக்கப்பட்டது. இரங்கல் அறிவிப்புக்கு அன்று. அரசு ஆணைக்கும் அன்று. நாற்பது பக்க அறிக்கைக்கும் அன்று.

முன்னோர் செய்த முயற்சிகள்

கையெழுத்தின் உயிரை அச்சுக்குள் கொண்டுவர வேண்டும் என்னும் ஆசை கணிப்பொறிக்கு முந்தியது. பிரான்சு நாட்டின் மார்சேய் நகரில் ஒலீவ் வார்ப்பகத்துக்காக ரோஜர் எக்ஸ்கொஃபோன் 1953-இல் 'மிஸ்ட்ரால்' என்னும் எழுத்தை ஆக்கினார். அது அவருடைய சொந்தக் கையெழுத்தை அடியொற்றியது. ஒரே மூச்சில் எழுதியதுபோல் எழுத்தோடு எழுத்து கைகோத்துச் செல்லும். ஈய எழுத்தில் இது எத்தகைய அருஞ்செயல் என்பதை அச்சுக்கூடம் பார்த்தவர்கள் உணர்வர். ஒவ்வோர் எழுத்தும் தனித்தனிக் கட்டை. எந்தக் கட்டைக்குப் பக்கத்தில் எந்தக் கட்டை வந்தாலும் கோடு அறுபடாமல் இணைய வேண்டும். அரபு எழுத்தை அச்சில் வார்த்தவர்களும் இதே இடரோடு போராடியவர்களே. ஓர் எழுத்துக்கு முதல், இடை, கடை, தனி எனப் பல வடிவங்களை வார்க்க வேண்டியிருந்தது.

அமெரிக்காவில் பீட்டர் டோம்ப்ரேசியன் தூரிகை எழுத்தைப் போல ஆக்கிய 'டாம் கேஷுவல்' 1951-இல் வார்ப்புக்கு வந்தது. விளம்பரங்களில் நிமிர்ந்து நின்று, ஆனால் முகம் மலர்ந்து பேசும் எழுத்து அது. கணிப்பொறிக் காலம் தொடங்கிய பின், 1989-இல், அடோபி நிறுவனத்துக்காக டேவிட் சீகல் 'டெக்டன்' என்னும் எழுத்துருவை ஆக்கினார். கட்டடக்கலை நூல்களைத் தம் கைப்பட எழுதிப் புகழ்பெற்ற பிரான்சிஸ் சிங் என்பவரின் எழுத்தே அதற்கு அடிப்படை. கட்டட வரைபடத்தின் ஓரத்தில் அளவுகளைக் குறிக்கும் அந்தத் தெளிந்த, மென்மையான கை அதில் அப்படியே வாழ்கிறது.

இம்மூன்றையும் காமிக் சான்ஸுடன் ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு புலப்படும். எக்ஸ்கொஃபோனின் கை கலைஞனின் கை. டோம்ப்ரேசியனுடையது விளம்பரப் பலகை எழுதுபவனின் தேர்ந்த கை. சிங்குடையது கட்டடக் கலைஞனின் அளவறிந்த கை. அவற்றின் தளர்ச்சியில் பயிற்சி தெரிகிறது. காமிக் சான்ஸ் காட்டும் கையோ யாருடைய கையாகவும் இருக்கலாம். ஆசிரியை கரும்பலகையில் எழுதியதாகக் கொள்ளலாம். அண்டை வீட்டுக்காரர் பேனாவால் எழுதி ஒட்டியதாகவும் கொள்ளலாம். பொதுமக்கள் அதை விரும்பியதற்கும், கலைஞர்கள் வெறுத்ததற்கும் இந்த ஒன்றே காரணம் எனத் துணிந்து கூறலாம்.

வேலைப்பாட்டின் நிறையும் குறையும்

இனி எழுத்தின் உடலமைப்பைப் பார்ப்போம். கோடுகள் அனைத்தும் ஏறத்தாழ ஒரே தடிப்பு. நுனிகள் மழுங்கி உருண்டிருக்கும். நிமிர்ந்து நிற்க வேண்டிய கோடுகள் சிறிதே சாயும். நல்ல அச்செழுத்தை ஆக்குவோர், வளைகோடு நேர்க்கோட்டோடு சேருமிடத்தில் தடிப்பைக் குறைப்பர். இல்லையேல் அச்சேருமிடங்களில் கருமை திரண்டு, பக்கம் முழுவதும் புள்ளி புள்ளியாகத் தோன்றும். காமிக் சான்ஸில் இந்த நுட்பம் போதிய அளவில் இல்லை. எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவேயுள்ள இடைவெளியும் சீராக அமையவில்லை. ஆகவே தாளில் ஒரு பக்கம் நிறைய அடித்துப் பார்த்தால் கண் தடுக்கித் தடுக்கிச் செல்கிறது. தொடக்கத்தில் இதற்குச் சாய்வெழுத்தும் கிடையாது.

இதைவிட அடிப்படையான குறை ஒன்றுண்டு. கையால் எழுதுபவர் ஒரே எழுத்தை ஐம்பது முறை எழுதினாலும் ஐம்பதும் சிறிது சிறிது வேறுபடும். அந்த வேறுபாட்டைத்தான் நாம் உயிர் என்கிறோம். எழுத்துருவிலோ ஒரு சாய்வை ஒருமுறை வரைந்துவிட்டால், அது வரும் இடமெல்லாம் அதே சாய்வு. தற்செயலாகத் தோன்ற வேண்டியது கட்டளைப்படி திரும்பத் திரும்ப நிகழ்கிறது. ஒரு சொல்லில் இது தெரியாது; ஒரு பத்தியில் தெரியும்; ஒரு பக்கத்தில் சலிப்பூட்டும். சிரித்த முகத்தோடு வரவேற்பவர் நல்லவர். ஒரு மணி நேரமும் அதே சிரிப்பை முகம் அசையாமல் வைத்திருப்பவரைக் கண்டால் நமக்கு ஐயம் தோன்றுகிறதல்லவா? சித்திரக்கதைகளுக்கென்றே எழுத்துரு ஆக்குவோர் இதை உணர்ந்து, ஒவ்வொரு பெரிய எழுத்துக்கும் இரண்டு வடிவங்களை அமைத்து மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் வழக்கத்தை ஏற்படுத்தினர்.

எனினும் எதிர்ப்பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 1990-களின் கணிப்பொறித் திரை சொரசொரப்பானது. ஓர் எழுத்தை வரைய மேலிருந்து கீழாகப் பத்துப் பன்னிரண்டு புள்ளிகளே கிடைக்கும். ஒவ்வொரு புள்ளியும் ஒளிரும், அல்லது ஒளிராது, அரைகுறைக்கு இடமில்லை. மெல்லிய கோடும் தடித்த கோடுமாய் நயமுற அமைந்த எழுத்துகள் அத்திரையில் நலிந்து சிதைந்தன. ஒரே தடிப்புள்ள காமிக் சான்ஸோ திருத்தமாக நின்றது. தாளில் குறையாகத் தெரிந்தது திரையில் நிறையாயிற்று. கானேர் திறமையற்றவர் என்று ஏளனம் செய்வோர், 1996-இல் வெளிவந்த 'ட்ரெபுஷே' என்னும் செம்மையான எழுத்துருவை ஆக்கியவரும் அவரே என்பதை அறிந்துகொள்வது நலம்.

2014-இல் கிரெய்க் ரோசின்ஸ்கி என்னும் வடிவமைப்பாளர் இதன் கோணல்களைத் திருத்தி 'காமிக் நியூ' என்ற எழுத்தை வெளியிட்டார். கோடுகள் சீராயின, பக்கம் அமைதி பெற்றது. நம் பார்வையில், திருத்தம் பெற்ற எழுத்து பாராட்டுக்குரியதே. ஆயினும் பழைய எழுத்தின் வெகுளித்தனம் அதில் சற்றுக் குறைந்துதான் போயிற்று.

பழியும் பழித்தோரும்

1999-ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரைச் சேர்ந்த ஹாலி கோம்ப்ஸ், டேவிட் கோம்ப்ஸ் என்னும் வடிவமைப்பாளர் இணையர், இவ்வெழுத்தைத் தடை செய்யக் கோரும் இயக்கம் ஒன்றைத் தொடங்கினர். குழந்தைகளுக்கான அருங்காட்சியகப் பணி ஒன்றில் இதைப் பயன்படுத்தும்படி வற்புறுத்தப்பட்டதே அதற்குத் தூண்டுகோல். பாதி விளையாட்டாகத் தொடங்கிய அவ்வியக்கம் நாடு கடந்து பரவியது. இவ்வெழுத்தைப் பழிப்பது நல்ல ரசனையின் அடையாளம் என்னும் நிலை உண்டாயிற்று.

பழிக்கு இரையான இரு நிகழ்ச்சிகளை எடுத்து ஆராய்வோம். இரண்டும் ஒன்றுபோல் தோன்றும். நம் தீர்ப்போ இரண்டுக்கும் வேறு.

2010 ஜூலையில் கூடைப்பந்து வீரர் லெப்ரான் ஜேம்ஸ், தாம் ஆடிவந்த கிளீவ்லாந்து அணியை விட்டு மயாமி அணிக்குச் செல்வதாக அறிவித்தார். கிளீவ்லாந்து அணியின் உரிமையாளர் டான் கில்பர்ட் அன்றிரவே ரசிகர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் வெளியிட்டார். வீரரைத் துரோகி எனச் சாடும் கடுஞ்சொற்கள். எழுத்தோ காமிக் சான்ஸ். உலகம் சிரித்தது. இங்கே சிரிப்பு நியாயமானதே என்கிறோம். கோபத்தைச் சொல்ல வந்தவர் வேடிக்கைக் குரலில் பேசினார். வாய் ஒன்று சொல்ல முகம் வேறொன்று சொன்னது. படிப்பவர் எதை நம்புவார்? இது எழுத்தின் குற்றமன்று. சொல்பவர் தம் சொல்லின் எடையை உணராத குற்றம்.

2012 ஜூலை 4 அன்று, ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வு நிலையத்தில் ஹிக்ஸ் துகளெனக் கருதத்தக்க புதிய துகள் கண்டறியப்பட்ட செய்தி அறிவிக்கப்பட்டது. அட்லஸ் ஆய்வுக் குழுவின் சார்பில் பேசிய இயற்பியலறிஞர் ஃபேபியோலா ஜனோட்டி, தம் விளக்கப் படத்தாள்களைக் காமிக் சான்ஸிலேயே அமைத்திருந்தார். பல்லாயிரம் அறிஞர்கள் பல்லாண்டு உழைத்துக் கண்ட உண்மை திரையில் விரிந்தபோது, எழுத்தைப் பற்றிய கேலியும் உடனே எழுந்தது. இக்கேலியை நாம் ஏற்கவில்லை. ஆராய்ச்சியாளர் ஒருவர் தம் சக ஆராய்ச்சியாளர்களிடம் பேசிய பேச்சு அது. அரசாங்கப் பிரகடனம் அன்று. எண்களும் வரைபடங்களும் தெளிவாக நின்றன. அன்றைக்கு அந்தத் திரையைப் பார்த்து எழுத்தை மட்டும் கண்டவர், விருந்துக்குப் போய் இலையின் கிழிசலைப் பார்த்துத் திரும்பியவரை ஒப்பர். செர்ன் நிலையமோ பெருந்தன்மையோடு நடந்துகொண்டது. 2014 ஏப்ரல் முதல் நாளில், இனி எல்லாம் காமிக் சான்ஸிலேயே என்று அறிவித்துத் தன்னைத் தானே நகையாடிக்கொண்டது.

எழுத்தின் சாயல் உண்மையிலேயே நம் தீர்ப்பை மாற்றுகிறதா என்று கேட்கலாம். எரால் மோரிஸ் என்னும் ஆவணப்பட இயக்குநர் 2012-இல் 'நியூயார்க் டைம்ஸ்' வாயிலாக ஒரு சோதனை நடத்தினார். ஒரே கூற்றை ஆறு வெவ்வேறு எழுத்துகளில் வாசகர்களுக்குக் காட்டி, அதை ஏற்கிறீர்களா என்று வினவினார். ஏறத்தாழ 45,000 பேர் விடையளித்தனர். பதினெட்டாம் நூற்றாண்டு மரபில் வந்த 'பாஸ்கர்வில்' எழுத்தில் படித்தவர்கள் சற்றே கூடுதலாக ஏற்றனர்; காமிக் சான்ஸில் படித்தவர்கள் ஏற்கத் தயங்கினர். வேறுபாடு சிறிதுதான்; ஆனால் சோதனை உணர்த்துவது சிறிதன்று. பெரிய மனிதரின் உடையில் வந்தவனை நம்புவதும், எளியவன் சொன்னால் அதே உண்மையை ஐயுறுவதும் மனித இயல்பில் உள்ள கோணல். அது எழுத்துக்கும் நீள்கிறது. எழுத்தின் தோற்றத்தில் மயங்கி உண்மையைக் கைவிடுவதும் வாசகனின் குற்றமே.

கற்கும் கண்களுக்கு

இவ்வெழுத்தின் மெய்யான தொண்டைப் பழிப்போர் பலர் காண்பதில்லை. முதன்முதல் எழுத்துக் கூட்டும் குழந்தை, தன் ஆசிரியை எழுதிக் காட்டும் வடிவத்தையும் புத்தகத்தின் வடிவத்தையும் ஒப்பிட்டுத் தடுமாறுகிறது. புத்தக எழுத்தில் ஆங்கிலச் சிறிய 'ஏ' தலைக்கு மேல் ஒரு வளைவுடன் இரண்டடுக்காக நிற்கும். கையால் எழுதும் 'ஏ' ஒற்றை வட்டமும் ஒரு கோடுமே. காமிக் சான்ஸில் அது கையெழுத்தைப் போலவே அமைந்துள்ளது. பெரிய 'ஐ' என்னும் எழுத்தும் சிறிய 'எல்' என்னும் எழுத்தும் பல எழுத்துருக்களில் ஒரே குச்சியாய் நிற்க, இதில் பெரிய 'ஐ' தலையிலும் காலிலும் குறுக்குக் கோடு பெற்றுத் தனித்து விளங்குகிறது. 'பி', 'டி' என்னும் சிறிய எழுத்துகள் கண்ணாடியில் பார்த்தாற்போல் அச்சொட்டாக ஒன்றையொன்று ஒத்திருப்பதில்லை.

'டிஸ்லெக்ஸியா' என்னும் வாசிப்புக் குறைபாடு உடையோருக்கு உகந்த எழுத்துகள் எனப் பிரிட்டிஷ் டிஸ்லெக்ஸியா சங்கம் தன் வழிகாட்டியில் பரிந்துரைத்த சிலவற்றுள் காமிக் சான்ஸும் ஒன்று. இதனால் மட்டுமே அக்குறை நீங்குமென்று ஆய்வுகள் அறுதியிடவில்லை. பெரிய அளவும் தாராளமான இடைவெளியுமே பெரிதும் உதவக் கூடும். ஆயினும் ஒரு சிறுவன், 'இந்த எழுத்தில் இருந்தால் எனக்குப் படிக்க வருகிறது' என்று சொன்னால், அவனிடம் ரசனையைப் பற்றிச் சொற்பொழிவாற்றுவது அறமாகுமா?

இங்கே ஒரு விந்தையும் உண்டு. 2011-இல் வெளிவந்த பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று, படிக்கச் சற்றுக் கடினமான எழுத்தில் பாடங்களைக் கொடுத்தால் மாணவர் நினைவில் அவை நன்றாகப் பதிகின்றன என்றது. அக்'கடினமான' எழுத்துகளுள் ஒன்றாக அவர்கள் எடுத்துக்கொண்டது சாய்த்த காமிக் சான்ஸையே! பின்னர் நடந்த ஆய்வுகள் பலவற்றில் அம்முடிவு உறுதிப்படவில்லை. ஒருவருக்கு எளிது மற்றொருவருக்குக் கடினம். எழுத்தைப் பற்றிய தீர்ப்பை, படிப்பவர் யாரென்று கேளாமல் வழங்க இயலாது என்பதே இதனால் பெறப்படும்.

இடமறிந்து எழுதுதல்

அரபு எழுத்துக் கலையின் மரபு இவ்விடத்தில் நமக்குக் கைகொடுக்கிறது. பாக்தாதில் அமைச்சராயிருந்து 940-இல் மறைந்த இப்னு முக்லா, எழுதுகோலின் நுனி பதிக்கும் புள்ளியை அளவாகக் கொண்டு எழுத்துகளின் நீள அகலங்களை வரையறுத்த மேதை எனப் போற்றப்படுகிறார். அம்மரபில் ஒவ்வோர் எழுத்து முறைக்கும் ஓர் இடம் உண்டு. கட்டடங்களின் நெற்றியில் பொறிக்க 'துலுத்'. நூல்களை எழுத 'நஸ்க்'. உதுமானிய அரசவை ஆவணங்களுக்குத் 'தீவானி'. அன்றாடக் கடிதங்களுக்கும் குறிப்புகளுக்கும் விரைந்து எழுதத்தக்க 'ருக்ஆ'. ருக்ஆவைத் தாழ்ந்ததென்று எவரும் இகழவில்லை. அதைப் பயில்வதற்கும் இலக்கணம் வகுத்தார்கள். அதே வேளையில், வேதத்தின் பிரதியை அதில் எழுதும் வழக்கமும் ஏற்படவில்லை. தளர்ந்த எழுத்துக்கும் மரியாதை தந்து, அதற்குரிய எல்லையையும் வகுத்த அந்த முதிர்ச்சி, காமிக் சான்ஸைப் பற்றிய சண்டையில் இரு தரப்பிலும் காணப்படவில்லை.

ஆகவே நம் முடிவு இது. இறுக்கம் தளர்ந்த எழுத்து, உறவு நெருக்கத்தின் எழுத்து. அச்சத்தை நீக்க வேண்டிய இடத்தில் அது வரலாம்: குழந்தையின் முதல் பாடத்தில், மழலையர் வகுப்பின் சுவரில், பிறந்த நாள் அழைப்பில், சித்திரக்கதையின் குமிழில், மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் பிள்ளைகளை வரவேற்கும் பலகையில். சில சொற்களோடு நிற்கும்வரை அது இனிக்கும். ஆனால் கேட்பவர் துயரத்தில் இருக்கும்போதும், சொல்பவர் பொறுப்பேற்க வேண்டியபோதும், ஒருவருடைய உரிமையோ உயிரோ சம்பந்தப்பட்டபோதும் அது விலகி நிற்க வேண்டும். வேலை நீக்க ஆணையைச் சிரித்த எழுத்தில் அனுப்புவது, அடித்துவிட்டு முதுகைத் தடவுவதற்கு ஒப்பாகும். எழுத்தைத் தெரிவு செய்வது அழகைப் பற்றிய செய்தி மட்டுமன்று. எதிரில் இருப்பவரின் மனநிலையை எண்ணிப் பார்த்தோமா என்பதைப் பற்றியது. நம் வீடுகளில் இதை 'அதபு' என்று சொல்லிப் பழகியிருக்கிறோம்.

பழிப்போருக்கும் ஒரு சொல். வடிவமைப்புக் கல்வி பெறாத ஒருவர், தமக்குக் கிடைத்தவற்றுள் மனிதச் சாயல் உள்ள ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார். குளிர்ந்த, முகமற்ற எழுத்துகளுக்கு நடுவே ஒரு கை தெரிகிறதே என்று மகிழ்கிறார். அந்த மகிழ்ச்சி இகழத்தக்கதன்று. அவருக்குத் தேவை ஏளனமன்று. எந்த இடத்தில் எந்த எழுத்து என்று அருகிருந்து சொல்லித் தரும் ஒரு துணை.

அன்று அந்த இளைஞருக்கு நாம் அத்துணையாக இருந்திருக்கலாம், இருக்கவில்லை. காமிக் சான்ஸில் தமிழ் எழுத்துகள் இல்லை என்பதால் இச்செய்தி நமக்குப் புறம்பானது என்று எண்ண வேண்டா. நம் இல்லங்களில் அழைப்பும் அறிவிப்பும் எந்த மொழியில் அச்சிடப்பட்டாலும், சொற்பிழை பார்த்து முடித்தபின் தாளைச் சற்றுத் தள்ளிப் பிடித்து, சொற்களைப் படியாமல் எழுத்துகளின் முகத்தை மட்டும் ஒரு கணம் பார்க்குமாறு வாசகர்களை வேண்டுகிறோம். அந்த மகளின் கையில் தாளைக் கொடுப்பதற்கு முன் நாம் செய்யத் தவறியது அதுதான்.